தீராத மூட்டுவலியும் போர் தண்ணீரும்: காரணம் தேடத் தொடங்குகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு பூப்போல வேகும். பக்கத்துத் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால் அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் போர் தண்ணீரையே குடித்தார், அதிலேயே களி கிண்டினார், வீட்டுக்கு வந்தவர்களுக்கும் "எங்க தண்ணி நல்ல தண்ணி" என்று சொம்பு நிறையக் கொடுத்தார்.

அம்மாவுக்கு நாற்பது வயதைத் தாண்டியதும் காலையில் குறுக்கு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. பிறகு முட்டி, பிறகு கழுத்து. ஒன்பது ஆண்டுகள் அலைந்தோம். ஒருவர் தேய்மானம் என்றார், ஒருவர் நரம்பு என்றார், ஒருவர் வயசு என்றார். வலி மாத்திரை, ஊசி, தைலம் எல்லாம் ஆயிற்று. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் அண்ணன் மகளின் முன்பற்களைப் பார்த்த ஒரு பல் மருத்துவர்தான் கேட்டார்: "இது கறை இல்லைங்க, பல்லுக்குள்ளயே இருக்கு. எந்த ஊர்த் தண்ணி குடிக்கிறீங்க?"

காரணம், போர் தண்ணீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு. அளவு மிஞ்சி உள்ளே போனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அந்த நோய்க்குப் பெயர் ஃபுளோரோசிஸ். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் போன்ற பாறை மண் மாவட்டங்களில் இப்படிக் காரணம் தெரியாமல் அலைகிற குடும்பங்கள் பல. எங்கள் ஒன்பது ஆண்டு உங்களுக்கு ஒன்பது வாரமாகச் சுருங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எந்தக் கதவை எந்த வரிசையில் தட்ட வேண்டும் என்று இப்போது தெரியும்.

பாறையிலிருந்து வருவது

ஃபுளோரைடை யாரும் கொண்டுவந்து கொட்டவில்லை. நம் காலடியில் இருக்கும் கருங்கல் பாறையில் அது கனிமமாக இருக்கிறது. நிலத்தடி நீர் அந்தப் பாறையிடுக்கில் பல ஆண்டுகள் தேங்கி நிற்கும்போது மெல்லக் கரைந்து வருகிறது. நூறடிக் கிணறு வற்றி நாம் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று துளை போடத் தொடங்கியபோது, பாறையோடு நீண்ட காலம் உறவாடிய தண்ணீரை மேலே இழுத்தோம். இந்தியாவில் இந்த நோயை முதலில் மருத்துவ இதழில் பதிவு செய்தது 1937ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில். புது நோய் இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் வலித்தது இதுதான். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும், நீரில் அதிகம் நிற்காது. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில்தான் அது தாராளமாகக் கரைந்திருக்கும். பருப்பு வேகும் தண்ணீர், சோப்பு நுரைக்கும் தண்ணீர் என்று நாம் பாராட்டியது அதே சுண்ணாம்பு குறைந்த தண்ணீரைத்தான். அதற்காக பருப்பு வேகும் தண்ணீர் எல்லாமே கெட்டது என்று அர்த்தமில்லை. நாக்கையும் பருப்பையும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவரிடம் போவதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து தண்ணீரின் கதையை எழுதுங்கள். நோயாளி பிறந்த ஊர் எது, எட்டு வயது வரை எங்கே வளர்ந்தார், கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊர், ஒவ்வோர் இடத்திலும் கிணறா, அடிபம்பா, போரா, குழாயா, எந்த ஆண்டிலிருந்து. போர் என்றால் எத்தனை அடி. வயல்வேலைக்குப் போனால் அங்கே எந்தத் தண்ணீர். ஒரு நாளைக்கு எத்தனை சொம்பு. வலி எந்த ஆண்டு எங்கே தொடங்கியது. வீட்டில் வேறு யாருக்கு வலி, தெருவில் யார் யார் குனிய முடியாமல் நடக்கிறார்கள்.

எட்டு வயதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பல்லின் எனாமல் உருவாகும் வயதில் ஃபுளோரைடு அதிகமாக உள்ளே போனால்தான் பல்லில் அடையாளம் விழும்: முதலில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு, பிறகு குறுக்கே மஞ்சள், பழுப்புக் கோடுகள், இருபக்கமும் ஒரே மாதிரி. தேய்த்தாலும் போகாது. வெற்றிலைக் காவியும் பீடிக் கறையும் ஈறோரமாகப் படியும், சுத்தம் செய்தால் போகும். என் அம்மா நல்ல தண்ணீர் ஊரில் வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவர். அவர் பல் முத்துப்போல இருந்தது, எலும்பு மட்டும் கெட்டது. பல் நன்றாக இருப்பதைப் பார்த்து "ஃபுளோரைடு இல்லை" என்று யாராவது சொன்னால், எட்டு வயதில் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லுங்கள்.

தண்ணீரைச் சோதிப்பது

அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். போர் மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி மூடுங்கள். மேலே தேதி, இடம், ஆழம் எழுதி ஒட்டுங்கள். குடிக்கும் தண்ணீர், சமைக்கும் தண்ணீர், வயல் தண்ணீர் என்று வேறு வேறாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில்.

கொடுக்க வேண்டிய இடம், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம். சிறு கட்டணம்தான். ஊராட்சியில் ஆய்வுப் பெட்டி இருக்கும். அதில் நிறம் பார்த்து உத்தேசமாகச் சொல்வார்கள். சந்தேகம் தீர்த்துக்கொள்ள அது போதும், ஆனால் மருத்துவரிடம் காட்ட ஆய்வகக் காகிதம் வேண்டும். ஃபுளோரைடு என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்க வருபவர் ஒரு குச்சிக் கருவியை டம்ளரில் விட்டு எண் காட்டுவார். அது டி.டி.எஸ்., மொத்த உப்பு. அதில் ஃபுளோரைடு தனியாகத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்தக் குச்சி "நல்ல தண்ணீர்" என்று காட்டியது.

காகிதத்தில் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றோ பி.பி.எம். என்றோ இருக்கும், தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. உலக சுகாதார அமைப்பின் வரம்பும் 1.5. எங்கள் போரில் 3.4.

ஒரு போரின் முடிவைப் பக்கத்துப் போருக்குப் பொருத்தாதீர்கள். நூறு மீட்டர் தள்ளி வேறு பாறை, வேறு கணக்கு. கோடைக்கும் மழைக்காலத்துக்கும்கூட மாறும், அதனால் சித்திரை, வைகாசியில் ஒன்றும் மழை முடிந்தபின் ஒன்றுமாக இரண்டு முறை பாருங்கள்.

பிறகு ஒரு பெருக்கல் போடுங்கள். வெயிலில் வேலை செய்கிறவர் நாலு லிட்டர் சாதாரணமாகக் குடிப்பார். தண்ணீரில் 2.5 இருந்தால் நாளைக்கு 10 மில்லிகிராம். எல்லா வழியிலும் சேர்த்து நாளைக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புக்கு ஆபத்து கூடுவதற்கான அறிகுறி உண்டு என்றும், 14ஐத் தொட்டால் ஆபத்து தெளிவு என்றும் உலக சுகாதார அமைப்பின் ஆய்வறிக்கை சொல்கிறது. நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவரும் கல் உடைக்கும் ஒருவரும் ஒரே போரில் குடித்தாலும் ஒரே அளவு பாதிப்பு வராததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

தண்ணீரை மாற்றும் முன் சிறுநீர்

நாங்கள் செய்த தவறு இது. தண்ணீர்க் காகிதம் கைக்கு வந்த அன்றே பதறிப்போய் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டோம். ஒரு மாதம் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போனால் அளவு இறங்கியிருந்தது. "பெரிதாக ஒன்றுமில்லையே" என்றார்கள். சிறுநீரில் தெரிவது முக்கியமாக அண்மையில் உள்ளே போனது. ஆகவே சிறுநீர் மாதிரியை, பிளாஸ்டிக் டப்பாவில், தண்ணீரை மாற்றுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அதற்காக மாதக்கணக்கில் அதே தண்ணீரைக் குடிக்கச் சொல்லவில்லை. இரண்டு நாளில் முடிகிற வேலை.

ஃபுளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் 2008-09ல் தொடங்கியது. அது நடக்கும் மாவட்டங்களில் சிறுநீரையும் தண்ணீரையும் சோதிக்கத் தனி ஏற்பாடு உண்டு. மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தில் "ஃபுளோரோசிஸ் திட்டத்தை யார் பார்க்கிறார்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக "மூட்டுவலி" என்று சீட்டு எடுத்தால் மறுபடியும் வலி மாத்திரைதான் வரும்.

அந்தத் திட்டத்தில் கைக்கொள்ளும் மூன்று எளிய அசைவுகளை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது. தாடையை நெஞ்சில் படும்படி தாழ்த்துவது. கைகளை பக்கவாட்டில் நீட்டி, மடக்கி, பின்தலையைத் தொடுவது. அம்மாவால் மூன்றாவதைச் செய்யவே முடியவில்லை. தலை வாரிக்கொள்ள எப்போது சிரமப்பட்டார் என்று அன்றைக்குத்தான் யோசித்தோம். மூன்று ஆண்டாக அண்ணிதான் வாரிவிட்டிருக்கிறார்.

சிறுநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தத் திட்டம் அதை அதிகம் என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்தது எக்ஸ்ரே. எல்லோரும் வலிக்கிற முட்டியைத்தான் எடுப்பார்கள். முன்கையையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால், அது இந்த நோயின் தெளிவான அடையாளம். முதுகெலும்பு, இடுப்பு எலும்பு வழக்கத்தைவிட வெளுப்பாக, அடர்த்தியாகத் தெரியும். தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் போகலாம்.

கூடவே மற்ற காரணங்களையும் விலக்க வேண்டும். இதில் அவசரப்படாதீர்கள். மூட்டுவலி எல்லாம் ஃபுளோரைடு இல்லை. வைட்டமின் டி குறைவு, தைராய்டு, முடக்குவாதம், முதுகெலும்பு இறுக்க நோய், முதுகெலும்புக் காசநோய் எல்லாமே இதே வேடத்தில் வரும். கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு பரிசோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கிரியாட்டினின் முக்கியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரியும். ஃபுளோரைடை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் உடலில் இன்னும் அதிகம் தங்கும். ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவது அந்தச் சிறுநீரகத்தையே கெடுக்கும். எங்கள் ஒன்பது ஆண்டைத் திரும்பிப் பார்க்கும்போது என்னால் தாங்க முடியாதது இந்தக் கண்ணிதான்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும் நீளமாகக் கதை சொல்லாதீர்கள், அவருக்கு நேரம் இல்லை. தண்ணீர்க் காகிதத்தை முதலில் மேசையில் வையுங்கள். "இத்தனை ஆண்டு இந்தத் தண்ணீர் குடித்திருக்கிறார், ஃபுளோரோசிஸாக இருக்குமா என்று பார்க்க வேண்டும்" என்று ஒரே வாக்கியம். எங்களுக்கு ஒன்பது ஆண்டில் திறக்காத கதவு அந்த ஒரு காகிதத்துக்குத் திறந்தது.

தண்ணீரை மாற்றுவது

ஃபுளோரைடை எலும்பிலிருந்து இழுத்து எடுக்கும் மருந்து கிடையாது. உள்ளே போவதை நிறுத்துவதுதான் மருத்துவத்தின் பெரும்பகுதி.

காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும், அதாவது செறிவு கூடும். மண்பானை, துணி வடிகட்டி, குளோரின், மெழுகுவர்த்தி போன்ற பழைய ஃபில்டர், புறஊதா விளக்கு எதுவும் இதற்கு உதவாது. கிருமிக்கு அவை நல்லவை, அது வேறு விஷயம்.

குழாயில் ஆற்று நீர் வந்தால் அதுவே முதல் வழி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்றே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013ல் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஊர் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் சேர்ந்து ஏறுகிறதா என்பதைத் தொட்டி இயக்குபவரிடம் நேரில் கேளுங்கள். தெருக்குழாய்த் தண்ணீரையும் ஒரு பாட்டில் பிடித்துச் சோதியுங்கள்.

மழைநீரில் ஃபுளோரைடு ஏறத்தாழ இல்லை. தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பெரும்பாலும் அதை மண்ணுக்குள் விட்டுவிடுகிறோம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு இருபது லிட்டர் போதும். முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வருவதை மணல் வடிகட்டி வழியாக மூடிய தொட்டியில் பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம். நாங்கள் வீட்டுக்குப் பின்னால் ஐயாயிரம் லிட்டர் தொட்டி வைத்தோம். நல்ல மழை ஆண்டில் எட்டு மாதம் வரும்.

சவ்வு வழியாக வடிகட்டும் ஆர்.ஓ. எந்திரம் ஃபுளோரைடின் பெரும்பகுதியை எடுத்துவிடும். வாங்கியபின் வெளிவரும் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், சவ்வு பழசாகும்போது மறுபடியும் பாருங்கள். அது கழித்துவிடும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் செறிவாக இருக்கும். வீணாகிறதே என்று அதில் அரிசி களைவதும் மாட்டுக்கு வைப்பதும் வேண்டாம். பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம். ஃபுளோரைடைப் பிடித்துவைக்கும் குருணை நிரப்பிய ஆக்டிவேட்டட் அலுமினா வடிகட்டியும் நன்றாக வேலை செய்யும், ஆனால் குறித்த காலத்தில் அதைப் புதுப்பிக்காவிட்டால் வெறும் டப்பா. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறை (நல்கொண்டா இன்றைய தெலங்கானாவில் உள்ள மாவட்டம்) நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. தண்ணீருக்குத் தண்ணீர் அளவு மாறும் என்பதால், சொல்லிக்கொடுக்கும் ஆளில்லாமல் கைக்கணக்கில் செய்ய வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் சமையலுக்கும் அதே தண்ணீர். குடிக்கக் கேன், சமைக்க போர் என்றுதான் பல வீடுகளில் நடக்கிறது. சோறும் களியும் கூழும் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தண்ணீரில் இருந்தது தட்டுக்கு வந்துவிடும். குளிக்க, துவைக்க பழைய போர் தண்ணீர் போதும். தோல் வழியாகக் கவலைப்படும் அளவுக்குப் போகாது.

சாப்பாடு

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் ஊர்க் களிக்கு இதைவிட என்ன வேண்டும்? நல்ல தண்ணீரில் கிண்டினால் அதுவே மருந்துபோல. கால்சியம் வயிற்றிலேயே ஃபுளோரைடைப் பிடித்து உறிஞ்சவிடாமல் தடுக்கும். மோர், எள், முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா எல்லாம் சேரட்டும். சத்துக்குறைவு இருந்தால் ஃபுளோரைடு கூடுதலாகக் கடிக்கும். 1973ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் நல்கொண்டாவில் முழங்கால் உள்வளைந்த இளம்பிள்ளைகளைப் பதிவு செய்தார்கள். வறுமைப்பட்ட சாப்பாட்டோடு அது பின்னியிருந்தது.

குறைக்க வேண்டியவை: கடுந்தேநீர் (தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை இலையில் சேர்த்து வைக்கும்), சாட் மசாலாவில் சேரும் கறுப்பு உப்பு, பாக்கு, புகையிலை. குழந்தைகளுக்குப் பற்பசை பட்டாணி அளவு, விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

எது தேறும், எது தேறாது

வயிற்று எரிச்சல், மந்தம், மலச்சிக்கல், களைப்பு இவை ஃபுளோரைடால் வந்திருந்தால் தண்ணீர் மாறிய சில வாரங்களில் குறையும். வலி மெதுவாகத்தான் குறையும். உடலில் தங்கும் ஃபுளோரைடில் சுமார் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எலும்பு அதைக் கைவிடப் பல ஆண்டுகள் ஆகும். வளைந்த எலும்பு தானாக நிமிராது, பல்லின் கோடும் அழியாது. பல் மருத்துவர் மேலே மூடித் தரலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரைச் சோதியுங்கள், எண் இறங்குவதைக் காகிதத்தில் பார்ப்பது பெரிய தைரியம்.

கால் மரத்துப்போனால், நடை தள்ளாடினால், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போனால் காத்திருக்காமல் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கெட்டியான எலும்பு தண்டுவடத்தை நெரிக்கிறது என்று அர்த்தம் இருக்கலாம்.

தேடி அலையும் குடும்பத்தின் மேல் வியாபாரிகளின் கண் எப்போதும் இருக்கும். "நச்சு நீக்கும்" கஷாயம், காலில் ஒட்டும் பட்டை, முடியை அனுப்பினால் நாற்பது நச்சுகளின் பட்டியல் என்று வருவார்கள். உலோக நச்சை எடுக்கத் தரும் கீலேஷன் மருந்து ஃபுளோரைடை எடுக்காது. தேவையில்லாமல் ஏற்றினால் உடலில் இருக்கும் கால்சியத்தையே குறைத்து உயிருக்கு ஆபத்தாகலாம். அந்தப் பணத்தில் தொட்டி கட்டுங்கள்.

தண்ணீர் சுத்தம் என்று காகிதம் சொன்னால் நோட்டுப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டுங்கள். இந்த முறை வேலையைப் பாருங்கள். பழைய பேட்டரி உருக்குவது, ஈயப் பட்டறை, பெயின்ட் சுரண்டுவது என்றால் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும். கல் உடைப்பு, குவாரி என்றால் நுரையீரல் எக்ஸ்ரே. அங்கேயும் வரிசை இதுதான்: எதிலிருந்து, எவ்வளவு, எத்தனை காலம், பிறகு உடலில் அதன் தடம்.

ஊருக்குள் கொண்டுபோவது

ஒரு வீட்டில் 3.4 என்றால் தெருவில் பலர் அதையே குடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள், அதில் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். அன்றைக்குத் தண்ணீர்க் காகிதத்தின் நகலோடு போய், எல்லாப் பொதுப் போர்களையும் சோதித்து முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பழைய ஆய்வு முடிவுகள் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் போரின் இடத்தைத் தெளிவாகக் குறியுங்கள்: எந்தத் தெரு, எந்தக் கோயில் எதிரில்.

வரம்பு தாண்டிய அடிபம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், குடிக்க வேண்டாம் என்று தமிழில் எழுதி. எங்கள் தெருவில் அடித்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து அடிபம்பிலிருந்து தொடங்கினோம், எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.